சுற்றுலாவும் அதன் இடையூறுகளும்

பிற ஊர்களைக் கண்டு மகிழும் விருப்பம் மக்களுக்கு இயல்பாக அமைந்தது. முற்காலத்தில் மக்கள் பெரும்பாலும் கோயிலையும் திருவிழாவையும் வாணிகத்தையும் கருதியே நெடுவழி நடந்தனர். இக்காலத்திலோ மலையையும் அருவியையும் காட்டையும் காண்பதற்கென்றே இலட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். அவர்கள் செல்லுமிடமெல்லாம் தங்க இடமும், உண்ண உணவும், ஏறிச் செல்ல ஊர்தியும், வழிகாட்ட ஆளும் வேண்டப்படுகின்றன. இவற்றை அளிப்பதையே வாழ்வாகக் கொண்டோர் பலர். இவ்வாறு வளர்ந்ததே சுற்றுலாத் தொழில்.

இத்தொழில் ஏனைய தொழில்களினின்றும் இரண்டு வகையில் வேறுபட்டது. திருப்பூரில் செய்த பனியன் இம்மாதம் விலைபோகாவிடின், அதைக் கிடங்கில் அடுக்கிவைத்து அடுத்த மாதம் விற்கலாம். கோயம்புத்தூரில் செய்த மோட்டார் பம்பும் மாவரைக்கும் கிரைண்டரும் அத்தகையனவே. ஆனால் விடுதியில் ஓர் அறை இன்றிரவு வெறுமையாகக் கிடந்தால், அவ்விரவை நாளை விற்க இயலாது. போன பருவம் போனதே ஆகும். இது முதல் வேறுபாடு. பிற தொழில்களில் பொருள் வாங்குவோரை நாடிச் செல்லும். சுற்றுலாவிலோ வாங்குவோரே பொருளை நாடி வருதல் வேண்டும். மலையைக் கட்டி அனுப்ப முடியுமா? இது இரண்டாவது வேறுபாடு. ஆகவே, சுற்றுலா செழிக்க வேண்டுமாயின் வருவோரின் வழி திறந்திருத்தல் வேண்டும். அவர்தம் மனமும் திறந்திருத்தல் வேண்டும். இயற்கை இடர் முன்னதை அடைக்கிறது. மக்களிடையே எழும் பூசல் பின்னதை அடைக்கிறது. இவ்விரண்டின் இயல்பையும் கொங்கு நாட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டே நன்கு அறியலாம்.

கோயம்புத்தூர் ஆலைகளால் புகழ்பெற்ற நகரமாயினும், மலைகளுக்கு வாயிலாகவும் விளங்குகின்றது. வடக்கே மேட்டுப்பாளையம் வழியாக உதகமண்டலத்திற்கும், தெற்கே பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கும் சாலைகள் செல்கின்றன. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு செல்வோரும் பலர். கொங்கு நாட்டின் வடபால் காவிரி பாறைகளினூடே பாய்ந்து விழும் ஒகேனக்கல் உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இரயில் உலகப் புகழ் வாய்ந்தது. அது 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 208 வளைவுகளும் 16 குகைவழிகளும் உள்ளன. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களின் நடுவே அமைந்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு வண்டி மேலேறுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இத்தகைய அருமை வாய்ந்த பாதையும் இயற்கையின் சீற்றத்திற்குத் தப்பவில்லை. 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலகிரியில் பெருமழை பெய்தது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. பல இடங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். சாலைகள் துண்டிக்கப்பட்டன; இரயில் பாதையை மண்ணும் பாறையும் மூடின. மலை இரயில் பல மாதங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறவில்லை. அந்நாள்களில் இரயிலை நம்பியிருந்த சிறு கடைக்காரர்களும், வாடகை ஊர்தி ஓட்டுவோரும் வருவாய் இழந்தனர். ஆயினும் பாதை செப்பனிடப்பட்டது. வண்டி மீண்டும் ஓடியது. மக்களும் மீண்டும் வந்தனர்.

மூணாற்றில் நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி எனப் பழந்தமிழரால் பெயர் பெற்றது இப்பூவினாலேயே ஆகும். 2006-ஆம் ஆண்டில் பூத்த குறிஞ்சி 2018-ஆம் ஆண்டில் மீண்டும் பூக்கும் காலம் வந்தது. அக்காட்சியைக் காணப் பெருங்கூட்டம் வருமென்று மூணாற்று விடுதிகள் காத்திருந்தன. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கொச்சி விமான நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. மூணாற்றை உடுமலைப்பேட்டையோடு இணைக்கும் சாலையிலிருந்த பெரியவாரைப் பாலம் இடிந்து விழுந்தது. அதற்கு மாற்றாக அமைத்த தற்காலிகப் பாலமும் நவம்பர்த் திங்களில் பெய்த கனமழையில் அடித்துச் செல்லப்பட்டது. மழை ஓய்ந்தபின் குறிஞ்சி பூத்தது. எதிர்பார்த்த கூட்டமோ வரவில்லை. மற்றோர் ஆண்டில் வந்து காணலாம் என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 2030-ஆம் ஆண்டு வரை காத்திருத்தல் வேண்டும். சுற்றுலாவில் போன பருவம் போனதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

இடர் நேர்ந்த இடம் சிறிதாயினும், அதனால் எழும் அச்சம் நெடுந்தொலைவு பரவும். 2024-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள், நீலகிரியை அடுத்த வயநாட்டில் பெரும் நிலச்சரிவு நேர்ந்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழிவு நேர்ந்தது மேப்பாடியைச் சார்ந்த முண்டக்கை, சூரல்மலை ஆகிய சிற்றூர்ப் பகுதிகளிலேயாம். ஆயினும் அவ்வூர்களுக்கு நெடுந்தொலைவில், எவ்விதத் தீங்கும் நேராத விடுதிகளும் வெறுமையாயின. தொலைவில் இருப்போர்க்கு ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே பெயராகவே தோன்றுகின்றது. அப்பெயர் செய்தித்தாளில் துயரத்தோடு வந்துவிட்டால், எந்தச் சிற்றூர் எங்கே இருக்கின்றது என்று ஆராய்வோர் சிலரே.

இனிப் பூசலின் விளைவைக் காண்போம். இடர் வந்தபோது மலை சரிந்தது, பாலம் இடிந்தது, ஆகவே மக்கள் வரவில்லை. பூசல் எழும்போதோ மலையும் ஆறும் பாலமும் இருந்தவாறே இருக்கும். மக்கள் மட்டும் வாரார்.

காவிரி நீரைப் பங்கிடுவது குறித்துத் தமிழ்நாட்டிற்கும் கருநாடகத்திற்கும் இடையே நெடுங்காலமாக வழக்கு நடைபெற்றது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டிற்குத் தண்ணீர் விடுமாறு ஆணையிட்டதைத் தொடர்ந்து, பெங்களூரில் வன்செயல் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பல எரிக்கப்பட்டன. இரு மாநிலங்களுக்கு இடையே பேருந்துகள் பல நாள்கள் ஓடவில்லை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி மைசூருக்குச் செல்லும் வழியும், கூடலூர் வழியும் கொங்கு நாட்டையும் கருநாடகத்தையும் நெடுங்காலமாக இணைப்பவை. தசரா விழாவைக் காண இங்கிருந்து மைசூருக்குச் செல்வோர் உண்டு. உதகையின் இரண்டாம் பருவத்தில் அங்கிருந்து மலைக்கு வருவோரும் உண்டு. அப்பருவம் தொடங்கும் வேளையிலேயே வழிகளில் ஊர்திகள் நின்றன. சாலையில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆயினும் குழந்தைகளோடு புறப்பட எவருக்குத் துணிவு வரும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குறித்து 2008-ஆம் ஆண்டில் எழுந்த பூசலும் இத்தகையதே. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட மக்களுக்குக் குடிநீர் வழங்க வகுத்த அத்திட்டத்தை எதிர்த்துக் கருநாடகத்தில் கிளர்ச்சி நடந்தது. அமைதியைக் கருதி அத்திட்டம் சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர்ப் பணிகள் நிறைவுற்று, 2013-ஆம் ஆண்டில் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோரும், மீன் வறுத்து விற்போரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் வருவோரை நம்பியே வாழ்கின்றனர். ஆற்றில் வெள்ளம் பெருகினால் பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படும். வெள்ளம் வடிந்தால் தடை நீங்கும். அஃது அவர்கள் அறிந்த இடர். பூசல் எந்நாள் வடியும் என்பதை அவர்களால் கணிக்க இயலாது.

இயற்கை இடரினும் பூசலே சுற்றுலாவுக்குப் பெருங்கேடு என்பதை ஈழநாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1982-ஆம் ஆண்டில் இலங்கைக்கு ஏறத்தாழ 4,07,000 வெளிநாட்டினர் வந்தனர். 1983-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழர்க்கு எதிரான வன்செயல் மூண்டு, போரும் தொடர்ந்தது. 1987-ஆம் ஆண்டில் வந்தோர் 2,00,000 பேருக்கும் குறைவு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவின் கரைகளைத் தாக்கி, முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டது. கடற்கரை விடுதிகள் பல அழிந்தன. ஆயினும் 2004-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,66,000 ஆக இருந்த வருகை, 2005-ஆம் ஆண்டில் 5,49,000 ஆகவே குறைந்தது. அவ்வாறு வந்தோருள் துயர் துடைக்க வந்தோரும் உற்றாரைக் காண வந்தோரும் இருந்தனர் என்பது உண்மையே. எனினும் பேரலையால் வருகை அற்றுப்போகவில்லை. போர் மீண்டும் கடுமையுற்ற 2008-ஆம் ஆண்டிலோ அவ்வெண்ணிக்கை 4,38,000 ஆகச் சரிந்தது. 2009-ஆம் ஆண்டு மே திங்களில் போர் முடிவுற்றது. 2018-ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டிற்கு வந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஈஸ்டர்த் திருநாளன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 2018-ஆம் ஆண்டு மே திங்களில் 1,29,000 பேர் வந்த நாட்டிற்கு, 2019-ஆம் ஆண்டு மே திங்களில் 38,000 பேரே வந்தனர். கடல் கரையை அழித்த ஆண்டில் குறைந்ததனினும், மனிதர் மனிதரை அழித்தபோது குறைந்ததே மிகுதி.

இதற்குக் காரணம் யாது? இயற்கை இடருக்கு ஒரு முடிவு உண்டு. மழை நின்றது, பாலம் கட்டப்பட்டது என்று கேட்டவுடன் மக்கள் அச்சம் நீங்குவர். இடருற்றோர்மீது இரக்கமும் பிறக்கும். உதவ வருவோரும் உளர். பூசலுக்கோ முடிவு நாள் இன்னதென்று எவரும் கூற இயலாது. மேலும், இடர் யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. பூசலோ ஒருவரின் மொழியையும் ஊர்திப் பலகையையும் பார்த்துத் தாக்குகிறது. ‘அங்கு நாம் விரும்பப்படவில்லை’ என்ற எண்ணம் ஒருமுறை நெஞ்சில் பதிந்தால், அதை அகற்ற நெடுங்காலம் ஆகும்.

இவ்விழப்பு யாரைச் சாருகிறது என்பதும் கருதத்தக்கது. பெருவிடுதி உடையோர் ஓராண்டு இழப்பைத் தாங்கிக்கொள்ளவும் கூடும். சுற்றுலாவினரைக் குதிரையில் ஏற்றிச் செல்பவனும், சாலையோரத்தில் காரட்டும் வேர்க்கடலையும் விற்கும் பெண்ணும், விடுதியில் துணி வெளுப்பவரும் ஒரு வார இழப்பையும் தாங்கமாட்டார். பூசலை எழுப்பினோர் இவரல்லர். மலையைச் சரித்தோரும் இவரல்லர். ஆயினும் முதலில் அடுப்பு அவிவது இவர்தம் வீட்டிலேயே.

இதனைத் தடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. மலைச்சரிவுகளை வெட்டிக் கட்டடம் எழுப்புவதும், நீரோடும் ஓடைகளை அடைப்பதும் நிலச்சரிவுக்குப் பெருங்காரணங்களாதலின், அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். மலை தாங்கும் அளவறிந்து ஊர்திகளை விடுதலும் நன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரியிலும் கோடைக்கானலிலும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது இந்நோக்கத்தாலேயாம். இடர் நேர்ந்தபோது எந்த வழி அடைபட்டது, எந்த வழி திறந்துள்ளது என்ற உண்மையை அரசு உடனுக்குடன் அறிவித்தல் வேண்டும். உண்மையை மறைத்து மக்களை வரவழைத்தல் பெருந்தீங்கு. இல்லாத இடரைப் பரப்பி அவர்களைத் தடுத்தலும் தீங்கே.

பூசலைப் பொறுத்தவரை, உரிமை கேட்பது குற்றமன்று. காவிரி வழக்கில் 1990-ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நீரின் அளவு மன்றத்தில் தீர்ந்ததேயன்றி, பேருந்துகளை எரித்ததனால் ஒரு குடம் நீரும் மிகுதியாகக் கிடைக்கவில்லை. வழக்கு அரசுகளுக்கு இடையே இருக்கலாம். வழிப்போக்கனிடம் இருத்தல் ஆகாது.

விருந்தோம்பலுக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறத்தைத் தொழிலாகக் கொண்டதே சுற்றுலா. மாணவர் வளர்ந்து எத்தொழிலை மேற்கொள்ளினும், ஊருக்கு வரும் அயலாரிடம் அவர் மொழி எதுவாயினும் இன்சொல் கூறுதலும், ஆராயாத செய்தியைக் கைப்பேசி வழியே பிறர்க்குப் பரப்பாமையும் அவர்க்கு இயலும் செயல்கள். இடிந்த பாலத்தைக் கட்டப் பொறியாளர் உளர். முறிந்த நம்பிக்கையை மீண்டும் கட்டுவது ஊரார் அனைவரின் கடமையாகும்.