குழை தாழ்த்தலின் பயன்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணிலே தாழ்ப்பது பயிருக்குப் பசளையாதற் பொருட்டே. அதில் வேறொரு நன்மையும் உண்டு. இலையென்பது வளியிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டு மரம் ஞாயிற்றொளியிற் சமைத்த பொருளன்றோ? எரித்தால் அக்காபன் உடனே வளிக்கு மீண்டு புவியை வெப்பமாக்கும். தாழ்த்தாலோ, பெரும்பகுதி நுண்ணங்கிகளால் உக்கி வெளியேறினும், ஒரு பகுதி களித்துணிக்கைகளைப் பற்றி நெடுங்காலம் மண்ணிற் தங்கும்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 இல் தொடங்கிய கோதுமை வயலாராய்ச்சியில், ஆண்டுதோறும் தொழுவெரு பெற்ற நிலத்தின் காபன், எருப்பெறாத நிலத்தினும் இருமடங்குக்கு மேலாயிற்று. 'ஆண்டுதோறும்' என்பதே கருதத்தக்கது. நம் வெப்பநாட்டில் இலைகுழை விரைந்து உக்கும். இடுவதை நிறுத்தின், சேர்த்த செல்வம் கரையத் தொடங்கும். முற்றத்துச் சருகிற்குத் தீயிடுமுன் இதனைச் சிந்திப்போமாக.