திரும்பி வரும் லிம்போமா: கூட்டு மருந்துக்கு ஒப்பீடே உரைகல்

நிணநீர் மண்டலத்தில் வேகமாகப் பரவும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது, பரவலான பெரிய பி-செல் லிம்போமா. 'ஆர்-சாப்' எனும் ஐந்து மருந்துக் கூட்டால் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். மற்றவர்களுக்கு நோய் அடங்குவதில்லை, அல்லது அடங்கியபின் திரும்பி வருகிறது. அவர்களுக்காகவே புதிய கூட்டுகள் சோதிக்கப்படுகின்றன. மருந்துகள் கூடக்கூடப் பலனும் கூடும் என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதை இந்த நோயின் வரலாறே காட்டுகிறது.

1993 சொன்ன பாடம்

ஆர்-சாப்புக்கு முன்னோடியான 'சாப்' எனும் பழைய கூட்டைவிட, மேலும் பல மருந்துகள் சேர்த்த மூன்று கூட்டுகள் சிறந்தவை என்று 1980-களில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் கருதினர். தனித்தனி மருத்துவமனைகளில் கிடைத்த முடிவுகளே அதற்கு ஆதாரம். பிறகு 899 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கையும் ஒப்பிட்டார்கள். 1993-ல் வெளியான முடிவில், மூன்றாண்டு உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்தின் நச்சு விளைவால் இறந்தவர்களோ சாப் பிரிவில் 1 விழுக்காடு, புதிய கூட்டுகளில் ஒன்றான 'மாகாப்-பி' பிரிவில் 6 விழுக்காடு. இது முதல்கட்டச் சிகிச்சை பற்றிய ஆய்வு. முன்பே கீமோதெரபி பெற்றுத் தளர்ந்த உடலில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

நம்பிக்கை தரும் சான்றுகள்

ஒப்பீடு நல்ல மருந்தையும் அடையாளம் காட்டும். பெண்டமுஸ்டின், ரிட்டுக்சிமாப் எனும் இரு மருந்துகளுடன் போலாட்டுசுமாப் எனும் மருந்தைச் சேர்த்த ஆய்வில் 80 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். நோய் முழுமையாக அடங்கியவர்கள் 17.5 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்தனர். இடைநிலை உயிர்வாழ்வு (நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம்) 4.7 மாதத்திலிருந்து 12.4 மாதமானது. நரம்பு பாதிப்பால் கைகால் மரத்துப்போவது உள்ளிட்ட பக்கவிளைவுகளும் இருந்தன. 274 பேரைக் கொண்ட 'ஸ்டார்குளோ' ஆய்வில், குளோஃபிட்டமாப் சேர்த்த கூட்டு இடைநிலை உயிர்வாழ்வை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது.

காத்திருக்க நேரமில்லாதவர்கள்

நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்குக் குலுக்கலில் பழைய மருந்தைத் தருவது நியாயமா? கேள்வி நேர்மையானது. ஆனால் இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஒப்பீட்டுப் பிரிவினர் வெறும் மாத்திரையோடு விடப்படவில்லை. அப்போது வழக்கத்தில் இருந்த சிகிச்சையையே பெற்றனர். ஸ்டார்குளோவில் மூவரில் இருவருக்குப் புதிய கூட்டே கிடைத்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சிறிய ஆய்வுகளும் வேண்டும்தான். 50 பேரிடம் சோதித்த 'வைப்பார்' எனும் ஐந்து மருந்துக் கூட்டில், நோயின் எந்த உட்பிரிவு பலன் பெறுகிறது என்பது தெரிந்தது. அதுபோன்ற ஆய்வு அடுத்த கேள்வியைத்தான் எழுப்பும். தீர்ப்பு ஒப்பீட்டிலிருந்தே வரவேண்டும்.

நோய் திரும்பியவருக்குப் புதிய கூட்டு பரிந்துரைக்கப்பட்டால், அது எதனுடன் ஒப்பிடப்பட்டது, உயிர்வாழ்வு கூடியதா, பக்கவிளைவு என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வில் சேர அழைத்தால் ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலக உங்களுக்கு உரிமை உண்டு.