அஞ்சறைப் பெட்டியிலிருந்து இரண்டு ரூபாய்!

கோவில்பட்டி ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் எங்களை இறக்கிவிட்டபோது இன்னும் பொழுது விடியவில்லை. மாதர் சங்கத்துப் பெண்மணிகள் பதினொரு பேர். கூட நான். தலைகளை எண்ணும் பொறுப்பு என் தலையில்தான் விழுந்தது!

குழுவில் மூத்தவர் மயிலாப்பூர் மாமி. வயது எண்பத்தைந்து. "இந்த முழங்காலோடு எதற்கு மாமி எட்டயபுரம்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அங்கே எனக்கு ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு" என்றாரே தவிர மேலே பேசவில்லை.

முதல் வேலை கடலை மிட்டாய். கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த ருசிக்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினோம். ஊருக்குக் கொண்டு போவதற்காகத்தான்! எட்டயபுரம் போய்ச் சேருவதற்குள் என் பொட்டலத்தில் பாதி காலி.

வேனில் ஒரே சண்டை. கட்டபொம்மனுக்கும் கும்பினியாருக்கும் மூண்ட போரில் எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றது. சிவாஜியின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த ஊரை லேசில் மன்னிப்பார்களா? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளையர் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. அதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

ஆனால் அதே எட்டயபுரம் அரண்மனைதான் சங்கீதத்தையும் போற்றியது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று இந்த ஊரில்தான் காலமானார். அவருடைய சமாதியில் எல்லோரும் உட்கார்ந்து 'மீனாக்ஷி மே முதம்' பாடினோம். வழியெல்லாம் வாயே திறக்காமல் வந்த ஒரு பெண்ணின் குரல் மற்ற பத்துக் குரல்களையும் தாண்டி எழுந்தது. பாட்டை விட்டுப் பதினைந்து வருஷமாயிற்றாம். கல்யாணத்தோடு சரி! சற்றுத் தூரத்தில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் தர்கா. அங்கும் வணங்கிவிட்டு, 1882-இல் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்தோம்.

பதினொரு வயதுச் சுப்பையாவுக்குப் 'பாரதி' என்று பட்டம் கொடுத்த ஊர் இது. அதே பாரதி 1919-இல் வறுமையில் வாடி, ஆதரவு நாடி எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுத நேர்ந்தது. இரண்டே வருஷத்தில் கவிஞர் மறைந்தார்.

கடைசியாக மணிமண்டபம். 'கல்கி' வேண்டுகோள் விடுக்க, பத்திரிகை வாசகர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கட்டடம். 1945-இல் அஸ்திவாரம் போட்டார்கள். 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார்.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் படியேறினார். சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அப்போ அஞ்சு வயசு. அம்மா அஞ்சறைப் பெட்டியிலே சேர்த்து வச்சிருந்த ரெண்டு ரூபாயை எடுத்து மணியார்டர் பண்ணினா. அப்பாவுக்குத் தெரியாது. கட்டடத்தைப் பார்க்கணும், பார்க்கணும்னு சொல்லிண்டே இருந்து, பார்க்காமலேயே போயிட்டா. இந்தச் சுவரிலே அவளோட ரெண்டு ரூபாய் எங்கே இருக்கும், சொல்லு பார்ப்போம்?"

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மாமி சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.