ஜீப் எஞ்சின் ஆயில் எங்கே போகிறது?

பெட்ரோல் தீர்ந்துவிட்டால் ஜீப் நின்றுவிடும். அவ்வளவுதான். வாங்கி வந்து ஊற்றினால் மறுபடியும் ஓடும். ஆனால் எஞ்சின் ஆயில் தீர்ந்துவிட்டால் எஞ்சினே போய்விடும்!

குமரி மாவட்டம் தக்கலையில் இருந்து குலசேகரம், பேச்சிப்பாறை வழியாக மலைக்குப் போகும் ஜீப் டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டங்களுக்குள் போகும் வழிகளில் கல்லும் சேறும் மேடும் பள்ளமும்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அங்கு பெய்யும். 1941-ல் போருக்கென்று அமெரிக்காவில் பிறந்த வண்டி ஜீப். 1947-ல் மகிந்திரா நிறுவனம் அதை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. மேடு பள்ளம் பார்க்காத வண்டி என்றுதான் மலைக்காரர்கள் அதை விரும்பினார்கள்.

அப்படிப்பட்ட வண்டியிலும் ஒரு நாள் ஆயில் குறையும். "எஞ்சினை இறக்கணும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். டிரைவரின் வீட்டில் அன்றிரவு தூக்கம் இராது. எஞ்சின் வேலை என்றால் பல மாத வருமானம் போய்விடும் அல்லவா?

அவசரப்பட வேண்டாம். ஆயில் எந்த வழியில் போனது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். பல சமயம் ஒரு வாஷரோடு வேலை முடிந்துவிடும்.

குறைந்தது உண்மைதானா?

முதலில் இதைப் பாருங்கள். ஆயில், எஞ்சினின் அடியில் உள்ள சட்டியில் கிடக்கிறது. வண்டி சரிவில் நின்றால் ஆயிலும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அப்போது அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் அது பொய்தான் சொல்லும். மலையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் பயம் இல்லை.

எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். ஆகவே எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம், "நிறைய குடிக்குது அண்ணே" என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டுவது மேல். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் நுரைத்து, வேண்டாத வழியில் எல்லாம் வெளியேறும்.

ஒழுகுகிறதா?

உண்மையிலேயே குறைந்தால், ஆயில் போகும் வழி மூன்று. வெளியே ஒழுகும். உள்ளே எரியும். அல்லது தண்ணீரோடு கலக்கும்.

இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் மேலே கசிந்து, வழிந்து, ஓடும்போது காற்றில் பரவி, வேறு எங்கோ சொட்டும். ஆகவே எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடரை மேலே தூவி, கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் கோளாறு!

சில கசிவுகள் எஞ்சின் ஓடும்போது மட்டுமே வரும். அட்டையில் கறை இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று ஆகிவிடாது.

சட்டியின் அடியில் உள்ள டிரெயின் பிளக், அதன் வாஷர், ஆயில் பில்ட்டர் இவற்றை முதலில் பாருங்கள். பில்ட்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஆயில் பீறிட்டு வரும். மலைப்பாதையில் கல் அடித்துச் சட்டி நெளிந்திருக்கலாம். எஞ்சினும் கியர் பாக்சும் சேரும் இடத்தில் சொட்டினால் முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் அது பெரும்பாலும் கியர் ஆயில். எஞ்சின்மேல் பழி போட வேண்டாம்.

மூச்சுக் குழாய்

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எஞ்சினும் மூச்சு விடுகிறது! எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும். அது வெளியேற ஒரு குழாய் இருக்கிறது. பிரீதர் என்பார்கள். சேறோ கரியோ அதை அடைத்துவிட்டால் வாயு உள்ளேயே முட்டும். முட்டிய வாயு ஆயிலை எல்லா சீல்கள் வழியாகவும் வெளியே தள்ளும். மெக்கானிக் சீலை மாற்றுவார். பத்து நாளில் அதுவும் ஒழுகும். மறுபடி ஒரு சீல்! குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் காசு மிச்சம்.

நீலப் புகை

சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல்மேல் சந்தேகம். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் வண்டியில், நீண்ட இறக்கத்தில் கால் எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தும்போது குப்பென்று வந்தால், அதுவும் வால்வுப் பக்கத்து நோய்தான். டர்போ உள்ள டீசல் வண்டியில் டர்போவையும் பார்க்க வேண்டும்.

ரிங் ஏன் சீக்கிரம் தேய்கிறது? தூசிதான் பெரிய எதிரி. ஏர் பில்ட்டர் கிழிந்தாலும், அதன் குழாயில் வெடிப்பு இருந்தாலும் மண் உள்ளே போய் அரம்போல் அராவும். பில்ட்டரைச் சரி செய்யாமல் புது ரிங் போட்டால் அதுவும் போகும்.

ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர மணல் வண்டிகள் கவிழ்ந்தால் ஆயில் ஏர் பில்ட்டருக்குள் புகுந்துவிடும். நிமிர்த்தி ஓட்டினால் புகை மண்டும். பில்ட்டரைச் சுத்தம் செய்து ஆயிலை அளவாக ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே ரிங்கைக் குறை சொல்வது வீண்.

பால் கலந்த காபி

ஆயில், பால் கலந்த காபிபோல் இருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். ஆழமான ஓடையைக் கடந்தபோதும் புகுந்திருக்கலாம். இதில் ஒரு சூது உண்டு. ஆயில் குறையும், தண்ணீர் ஏறும், குச்சி "சரி" என்று காட்டும்! ஆகவே அளவை மட்டும் பாராமல் நிறத்தையும் பாருங்கள். மழைக்காலத்தில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை ஒட்டியிருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மலையில் போகும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், "பேச்சிப்பாறை வரை போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கையில் உள்ள ஆயிலைக் கோடு வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடியில் விளக்கு அணையாவிட்டால் மறுபடி அணைத்துவிட்டு, கீழே இருந்து இன்னொரு வண்டியை வரச்சொல்லி ஆள் அனுப்புங்கள்.