கறுத்த அவகேடோ எல்லாம் கெட்டதல்ல: அந்தமானில் பழம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தமான் தலைநகருக்கும் இடையிலான கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். இதைக் கடக்கக் கப்பலுக்கு 3 நாள்கள் வரை ஆகும். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட இந்நகரின் சந்தைகளில் விற்கப்படும் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை போன்றவை, தீவுவாசிகள் 'மெயின்லேண்ட்' என்று குறிப்பிடும் பெருநிலப்பரப்பிலிருந்தே வருகின்றன. அண்மைக் காலமாக அந்த வரிசையில் இடம்பிடித்திருக்கும் அவகேடோ, மற்ற பழங்களைவிட வாங்குவோரை அதிகம் குழப்புகிறது. விலை கொடுத்து வாங்கிய பழத்தை வீட்டில் வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பேறியிருக்கிறது. அது கெட்டுவிட்டதா, உண்ணலாமா என்ற ஐயத்தில் நல்ல பழம் குப்பைக்குப் போவதும், கெட்ட பழம் சர்க்கரையும் பாலும் சேர்ந்து பழச்சாறாக மாறுவதும் ஒருசேர நடக்கின்றன.

தமிழ்நாட்டில் வெண்ணெய்ப் பழம் என்றும் பட்டர் ஃப்ரூட் என்றும் அழைக்கப்படும் இப்பழத்துக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர் ஆனைக்கொய்யா. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டங்களை ஒட்டிக் குடியமர்ந்த குடும்பங்களுக்கு இப்பெயர் புதிதாக இராது. கொய்யாவுக்கும் இதற்கும் உறவில்லை. தாவரவியலில் இது இலவங்கப்பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

மரத்தில் பழுக்காத பழம்

அவகேடோ மரத்தில் முற்றுமே தவிரப் பழுக்காது. பறித்த பின்னரே பழுக்கத் தொடங்கும். காய் தானாக வெளியிடும் எத்திலீன் வாயு அதைப் பழுக்க வைக்கிறது. பொதுவாகப் பறித்த ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் காய் மென்மையாகிவிடும். அதன் பின்னர் உண்ணத்தக்க நிலை இரண்டு மூன்று நாள்களே நீடிக்கும். பழநி மலையின் கீழ்ச்சரிவிலோ குடகிலோ பறிக்கப்பட்ட காய், சென்னை மொத்தச் சந்தையைக் கடந்து, கப்பலேறி, தீவின் சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கால அளவின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அவகேடோ அறுவடை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டியே மிகுதி. தென்மேற்குப் பருவமழையால் கடல் கொந்தளிக்கும் காலமும் அதுவே. அப்போது கப்பல் ஓரிரு நாள்கள் தாமதமாவது தீவுவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் விரிகுடாவுக்குச் செல்ல வேண்டிய பழம் மீண்டும் ஒரு கப்பலேற வேண்டும். இடையில் இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல்.

எனவே தீவுச் சந்தையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'பழுத்ததா' என்பதல்ல. 'எப்போது வந்தது' என்பதே.

நிறம் ஏன் ஏமாற்றும்?

தோல் கறுத்திருந்தால் பழம் கெட்டுவிட்டது என்பது ஒரு சாராரின் எண்ணம். இணையக் காணொளிகளைப் பார்த்தவர்கள் இதற்கு நேர்மாறாக, கறுத்த தோலே பழுத்ததற்கு அடையாளம் என்கின்றனர். இரண்டும் அரைகுறை உண்மைகளே. உலகச் சந்தையில் கோலோச்சும் ஹாஸ் ரகம், பழுக்கும்போது பச்சையிலிருந்து கருஞ்சிவப்புக்கும் கறுப்புக்கும் மாறும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ருடால்ஃப் ஹாஸ் 1935-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இந்த ரகம், தான்சானியா, பெரு போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு இறக்குமதியாகிறது. இதன் தோல் தடித்து, சொரசொரப்பாக இருக்கும்.

தென்னிந்திய மலைகளில் விளைவனவற்றில் பெரும்பாலானவை விதையிலிருந்து முளைத்த மரங்களின் காய்கள். திண்டுக்கல் மாவட்டம் தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளபோதிலும், சந்தைக்கு வரும் காய்கள் வடிவிலும் நிறத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பச்சைத் தோல் கொண்டவை பழுத்தாலும் பச்சையாகவோ சற்று மஞ்சள் கலந்தோ இருக்கும். ஊதாத் தோல் கொண்டவை இன்னும் கருமையாகும். பச்சைத் தோல் காயில் திட்டுத் திட்டாகக் கருமை படர்ந்தால் அது பழுத்ததற்கு அடையாளமன்று. பெரும்பாலும் நோயோ குளிரால் நேர்ந்த பாதிப்போ ஆகும்.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டுக் கைக்கும் மூக்குக்கும் வேலை கொடுப்பதே சரி. பழத்தை உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் குத்தினால் அந்த இடம் கன்றிப்போகும். அடுத்து வாங்குபவருக்கு அது கெட்ட பழம். சற்றே இசைந்து கொடுத்தால் உண்ணத்தக்கது. அழுத்திய பள்ளம் மீளாமல் அப்படியே நின்றாலோ, தோலுக்கும் சதைக்கும் இடையே காற்றுப் புகுந்தது போன்று தளர்ந்திருந்தாலோ, அதன் காலம் முடிந்துவிட்டது. குலுக்கினால் கொட்டை ஆடும் ஓசை கேட்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. சில ரகங்களில் நல்ல பழத்திலும் கொட்டை தளர்ந்தே இருக்கும்.

அழுகல் பெரும்பாலும் காம்பிலிருந்து தொடங்குகிறது. காம்பு இருந்த இடத்தைச் சுற்றிக் கருவளையம் படர்ந்திருந்தாலும், ஈரம் கசிந்தாலும், வெண்பூஞ்சணம் தெரிந்தாலும் அப்பழத்தைத் தவிர்க்க வேண்டும். தோலில் வட்ட வட்டமாகக் குழிந்த கரும்புள்ளிகள் தோன்றுவது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் அறிகுறி. காய் மரத்தில் இருக்கும்போதே தொற்றிக்கொள்ளும் இந்தப் பூஞ்சை, காய் பழுக்கும்வரை அடங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படும். மாம்பழத்திலும் இதே தொல்லை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகளின் ஈரக்காற்று, இத்தகைய பூஞ்சைகளுக்கு விருந்து.

உள்ளே தெரியும் பழுப்பு

வெட்டிய பின்னர் தெரியும் பழுப்பு நிறத்துக்குக் காரணம் ஒன்றல்ல. வெட்டி வைத்த பழத்தின் மேற்பரப்பு மட்டும் பழுப்பாவது காற்றின் வேலை. வாழைக்காயும் கத்தரிக்காயும் நறுக்கியதும் கறுப்பது போன்றதே இது. சதையில் உள்ள நொதி ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் இது நிகழ்கிறது. மேலே உள்ள மெல்லிய அடுக்கைச் சுரண்டினால் அடியில் பச்சையும் மஞ்சளும் தெரியும். அதைத் தயக்கமின்றி உண்ணலாம். எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பாவது தாமதப்படும். கொட்டையை எடுக்காமல் வைத்தால் பழம் கறுக்காது என்பது பரவலான நம்பிக்கை. கொட்டை மூடியிருக்கும் இடம் மட்டுமே காற்றிலிருந்து தப்பும். மற்ற பகுதிக்கு அதனால் பயனில்லை.

முழுப் பழத்தை வெட்டியவுடனேயே சதை சாம்பலும் பழுப்புமாக, நரம்புகள் கறுத்துத் தெரிந்தால் அது குளிர் பாதிப்பாக இருக்கக்கூடும். முற்றிய காயை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீண்ட நாள் வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது. வெப்பமண்டல ரகங்கள் சில 13 டிகிரிக்குக் கீழேயே பாதிக்கப்படும். குளிர்பதனப் பெட்டகத்தின் வெப்பநிலை ஏறி இறங்கினாலும், காயை வாங்கியவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நேராக வைத்தாலும் விளைவு ஒன்றே. இத்தகைய பழத்தால் உடலுக்குத் தீங்கு நேர வேண்டும் என்பதில்லை. ஆனால் சுவை இராது. சிறு பகுதி மட்டும் நிறம் மாறியிருந்து, வாடையும் சுவையும் இயல்பாக இருந்தால் அப்பகுதியை நீக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம்.

ஒருபோதும் பழுக்காமல், தோல் சுருங்கி, சதை ரப்பர் போல் ஆகும் காய்களும் உண்டு. இவை கெட்டவை அல்ல. முற்றுவதற்கு முன்பே பறிக்கப்பட்டவை. கொட்டையைச் சுற்றியுள்ள மேலுறை இதைக் காட்டிக் கொடுத்துவிடும். முற்றிய காயில் அது மெல்லிய காகிதம் போலக் காய்ந்து பழுப்பாக இருக்கும். முற்றாத காயில் தடித்து, வெண்மையாக இருக்கும். கடைக்காரரிடம் அடுத்த முறை பேச இது நல்ல சான்று.

உண்ணவே கூடாதவை எவை? பூஞ்சணம் பிடித்த சதை, கொழகொழப்பாகிக் கருத்த சதை, புளித்த வாடை அடிக்கும் சதை, காறல் ஏறிய சதை ஆகியவை. அவகேடோவில் எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால், காறிப்போன தேங்காயில் எழும் அதே வாடை இதிலும் எழும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் தீவுவாசிகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பழச்சாறு தயாரிக்கும்போதுதான் இது தப்பிவிடுகிறது. சர்க்கரையும் குளிர்ந்த பாலும் காறலை மறைத்துவிடும். அரைப்பதற்கு முன்பு ஒரு துண்டை வாயில் இட்டுப் பார்ப்பது நல்லது. பூஞ்சணம் சதைக்குள் இறங்கியிருந்தால் மேலே மட்டும் வெட்டி எறிவது போதாது. மென்மையான சதையில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கும்.

தோலைக் கழுவுவது ஏன்?

உரித்து எறியப் போகும் தோலைக் கழுவுவானேன் என்று கேட்கலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014 முதல் 2016 வரை 1,600-க்கும் மேற்பட்ட அவகேடோ மாதிரிகளைச் சோதித்தது. தோல் சோதிக்கப்பட்ட 361 மாதிரிகளில் 64-இல் லிஸ்டீரியா கிருமி இருந்தது. சதை சோதிக்கப்பட்ட 1,254 மாதிரிகளில் 3-இல் மட்டுமே அது காணப்பட்டது. கத்தி தோலை ஊடுருவும்போது கிருமி சதைக்குள் இறங்குகிறது. எலுமிச்சை, அன்னாசி போன்று புளிப்பு இல்லாததால் அவகேடோவின் சதையில் கிருமிகள் எளிதில் பெருகும். லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது. கருவுற்ற பெண்களின் சிசுவுக்கு ஆபத்து விளைவிப்பது. இக்கிருமியைக் கண்ணாலும் மூக்காலும் கண்டறிய இயலாது என்பதால், வெட்டுவதற்கு முன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடைப்பது அவசியம்.

பழத்தை நீரில் மூழ்கவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் பசுமையாக இருக்கும் என்ற யோசனை சமூக ஊடகங்களில் பரவியபோது, 2022-ஆம் ஆண்டு அதே நிர்வாகம் அதற்கு எதிராக எச்சரித்தது. தோலில் உள்ள கிருமிகள் நீரில் பெருகிச் சதைக்குள்ளும் புகக்கூடும் என்பதே காரணம்.

கல் போன்ற காயை வாங்கினால் காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். உடன் ஒரு பழுத்த வாழைப்பழம் இருந்தால் விரைவில் பழுக்கும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் காய் சீராகப் பழுக்காது என்பதால் தகரக் கூரைக்கு அடியிலோ அடுப்பங்கரையிலோ வைக்கக் கூடாது. பழுத்த பின்னரே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் தீர்த்துவிட வேண்டும். வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது.

கெட்ட பழத்தை ஆட்டுக்கோ கோழிக்கோ போடுவது தீவு வீடுகளில் இயல்பான பழக்கம். அவகேடோவில் அதைத் தவிர்க்க வேண்டும். இதன் இலை, தோல், கொட்டை ஆகியவற்றில் உள்ள பெர்சின் என்ற நச்சுப்பொருள் மனிதருக்குத் தீங்கற்றது என்றாலும், ஆடு மாடுகளின் மடியையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. கூண்டில் வளர்க்கப்படும் பறவைகள் சிறிதளவு உண்டாலும் இறந்துபோக நேரிடும். தோட்டத்தில் குழி தோண்டி, கால்நடைகளும் கோழிகளும் கிளறாத ஆழத்தில் புதைத்தால் அது எருவாகிவிடும்.