ரத்தம் கொடுத்தவர்கள் கேள்வியும் கேட்கட்டும்

மருத்துவக் கல்லூரி என்றதும் தாராபுரம் பக்கத்துக் காலனிகளில் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும்தான். அதே கல்லூரியில், நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவருடைய சளி, ரத்தம், சிறுநீரைச் சோதித்து நோயைப் பிடிக்கிற துறை ஒன்று இருக்கிறது. அதுதான் நுண்ணுயிரியல். இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்பதை வெளிக்கொண்டு வந்தது அந்தத் துறையில் படித்த ஒரு தமிழ்நாட்டு மாணவியின் ஆய்வு.

1985ஆம் ஆண்டின் இறுதி. செல்லப்பன் நிர்மலாவுக்கு அப்போது வயது 32. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தவரிடம், எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு நோய், நம் ஒழுக்கமான நாட்டுக்கு வராது என்று பலரும் பேசிவந்த காலம். மும்பையில் எடுத்த ரத்த மாதிரிகளிலும் எதுவும் அகப்படவில்லை. நிர்மலா தயங்கினார். கணவர் ராமமூர்த்தி தைரியம் சொன்னார்.

பாலியல் தொழிலில் சிக்கிய பெண்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குக் கணவரின் ஸ்கூட்டரில் தினமும் போனார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. மூன்று மாதத்தில் சுமார் 80 மாதிரிகள் சேர்ந்தன. பிரித்தெடுத்த சீரத்தை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில். சோதிக்கும் எலிசா வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியுமாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

அங்கே வைராலஜித் துறையின் தலைவர் ஜேக்கப் ஜான். அவருடைய துறை இளைஞர்கள் உதவியோடு சோதனை நடந்தது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருள் ரத்தத்தில் இருந்தால் எலிசாவில் நிறம் மாறும். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவில் சோதித்தபோதும் அதே முடிவுதான். அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடு நம்ப மறுத்தது. ஆனால் தடுப்பு வேலைகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2010இல் ஓய்வு பெறும்வரை அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களிடம், எதற்காக எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. படிக்காதவர்கள், சொன்னாலும் புரியாது என்று நினைக்கப்பட்டது. நிர்மலாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய வழக்கம் அப்படி இருந்தது. இன்று விவரம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதி. ஏழைகளின் உடம்பு ஆய்வகத்துக்குள் எப்போதோ போய்விட்டது. அவர்களுடைய கேள்விதான் இன்னும் வாசலில் நிற்கிறது.

என்ன கேள்வி? நம் ஊரிலேயே எத்தனையோ கிடக்கின்றன. நூற்பாலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதக்கணக்கில் இருமல். பஞ்சுத் தூசியா, காசநோயா? தூசிதான் என்று விட்டுவிட்டால், காசநோயாக இருக்கும்பட்சத்தில் ஒற்றை அறை வீட்டில் குழந்தைக்கும் தொற்றும். அரசு மருத்துவமனையில் இலவசச் சளிப் பரிசோதனை அதைக் கண்டுபிடித்துவிடும். சாக்கடையில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்கும், அமராவதி பாசன வயலில் நாற்று நடுபவருக்கும் காய்ச்சலோடு கண் சிவந்து மஞ்சள் காமாலை வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து தொற்றும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எய்ட்ஸ் ஆய்வுக்கு முன் நிர்மலா வேலை பார்த்ததும் இந்த நோயில்தான். மெடிக்கலில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் பாதியில் நிறுத்துகிறோமே, அதனால் எந்த மருந்துக்கு எந்தக் கிருமி அடங்காமல் போயிருக்கிறது? இவற்றை அன்றாடம் வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஆய்வுத் தலைப்பை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் படிப்பு இன்னொன்றையும் கற்றுக் கொடுக்கும். 2018 ஜூலையில் நம் மாவட்டத்தில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகவே எதிர்ப்புக் கிளம்பியது. அவரை இடமாற்றம் செய்து, பிறகு போராட்டம் வெடித்ததும் உத்தரவை ரத்து செய்தார்கள். சோற்றைக் கெடுப்பது கழுவாத கையும், மூடாத பாத்திரமும், அசுத்தத் தண்ணீரும்தான். சமைத்தவரின் சாதியை எந்த நுண்ணோக்கியாலும் காட்ட முடியாது.

எப்படிப் போவது?

பிளஸ் டூவில் உயிரியல் படித்து நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்தால், அடுத்து மூன்றாண்டு எம்.டி. நுண்ணுயிரியல். மாநில ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் இடங்கள். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்குத் தனியே 1 சதவீதம். அரியலூர் அனிதாவை இழந்த பிறகு எழுந்த குரல்களின் தொடர்ச்சியாக 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. அப்படிச் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. 2022 ஜனவரியில் திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது.

நீட் கைகூடவில்லை என்றால் கதவு அடைந்துவிடாது. பி.எஸ்சி. நுண்ணுயிரியல், பிறகு சில மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியல், அதன்பின் பிஎச்.டி. என்று இன்னொரு வழி இருக்கிறது. ஆய்வகத்தில் சீக்கிரம் வேலைக்குப் போக நினைப்பவர்கள் டி.எம்.எல்.டி. படிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்கு, பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இல்லாததால் கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடுகிற நிலை வேண்டாம். பிளஸ் டூ படிக்கும்போதே எடுத்து வையுங்கள்.

உள்ளே போனபிறகும் பாதை சமதளமாக இருக்காது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் தேர்விலும் பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள் என்று தோரட் குழு 2007இலேயே சொன்னது. ஆய்வுப் படிப்பில் வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி நகராது, அதனால் மாணவர் தனியாகச் சிக்கிக்கொள்வது எளிது. நடந்ததைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்ல வேண்டும். சீனியர் அண்ணன், அக்காக்களைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடிகாலையில் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த மகள் அதில் ஏறினால் மாதாமாதம் கையில் காசு வரும். அந்தக் காசின் அருமை தெரியாதவர்கள் யாரும் இந்தப் பத்தியைப் படிக்கவில்லை. ஆனாலும் அவள் உயிரியல் படித்தவள் என்றால், வேனில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை அவளுடைய பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஸ்கூட்டரில் மனைவியை ஏற்றிக்கொண்டு போன ஒருவர் துணை நின்றதால் 1986இல் ஒரு நாடு விழித்துக்கொண்டது. நம் பிள்ளைக்கு அந்தத் துணையாக நாம் நிற்கலாம்.