ஐந்தில் வளைப்பது எப்படி?



ஊரில் ஒரு பையன் திருட்டு, அடிதடி என்று மாட்டிக்கொண்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "அம்மாக்காரி என்னத்த வளர்த்தா?" என்றுதான். அந்த அம்மா நம் குழுவில் ஒருத்தியாகவும் இருக்கலாம். ஸ்டேஷன், வக்கீல், கோர்ட் என்று அலைந்து, கையில் இருந்ததும் போய், கடைசியில் உள்கடன் கேட்டு நிற்பாள். அப்போது கை கொடுப்பது நம் கடமை. ஆனால் அவன் மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும்போதே செய்ய வேண்டிய உதவியும் ஒன்று உண்டு.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் சொல்வோம். இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில், 1962 முதல் 1967 வரை ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 58 பேரை 3, 4 வயதில் பெர்ரி என்ற பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். மற்ற 65 பேருக்கு அந்த வசதி இல்லை.

அங்கே தினமும் இரண்டரை மணி நேரம் வகுப்பு. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு டீச்சர். இன்று என்ன விளையாடலாம் என்று குழந்தையே யோசித்துச் சொல்லும், அதைச் செய்யும், பிறகு செய்ததைப் பற்றிப் பேசும். வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போய், ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருப்பார்.

இவர்களை 40 வயது வரை கவனித்து வந்தார்கள். பள்ளிக்குப் போகாதவர்களில் 100க்கு 55 பேர் ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதாகி இருந்தார்கள். போனவர்களில் 100க்கு 36 பேர்தான். எல்லோரும் தப்பிவிடவில்லை. ஆனாலும் எத்தனை தாய்மார்களின் கண்ணீர் மிச்சம்!

இன்னொன்றையும் கவனிக்கணும். அந்தப் பிள்ளைகள் அறிவுச் சோதனையில் முதலில் கூடுதல் மார்க் வாங்கினார்கள். சில வருஷத்தில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. ஆனால் முரட்டுத்தனம் குறைந்தது குறைந்ததுதான். அதுதான் பின்னாளில் அவர்களைக் காப்பாற்றியது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள்.

ஆகவே வளைப்பது என்றால் பிரம்பை எடுப்பது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது.

நாம் என்ன செய்யலாம்?

* பிள்ளையைத் தவறாமல் அங்கன்வாடிக்கு அனுப்புவோம். சத்துணவோடு பாட்டு, கதை, விளையாட்டும் நடக்கிறதா என்று போய்ப் பார்ப்போம்.
* ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "இன்னைக்கு என்ன செஞ்ச கண்ணு?" என்று கேட்போம். அப்பாவும் கேட்கட்டும்.
* தனியாகப் பிள்ளை வளர்க்கும் உறுப்பினர் வீட்டுக்கு, வாரம் ஒருவர் முறை வைத்துப் போய் வருவோம்.

மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேமிக்க நமக்குத் தெரியும். பிள்ளை விஷயத்திலும் அதே பழக்கம்தான் வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.